தீக்காயத்தில் டாக்டர்கள் ஏன் உறுதியாக எதுவும் சொல்வதில்லை? குடும்பம் என்ன செய்யலாம்?
மறைப்பதற்காக அல்ல. காயத்தின் ஆழம் முதல் 48–72 மணி நேரத்தில் இன்னும் கூடலாம். புண் மூடும்வரை கிருமித்தொற்று அபாயமும் உண்டு. முதல் இரண்டு நாளில் முகம் வீங்கி ஆளே அடையாளம் தெரியாமல் போகலாம். பார்த்துப் பதறாதீர்கள், அந்த வீக்கம் பெரும்பாலும் வடியும்.

"பிழைப்பாரா?" என்பதைவிட "சிறுநீர் போதுமா, காய்ச்சல் உண்டா, எவ்வளவு புண் மூடியிருக்கிறது, அடுத்த தோல் ஒட்டு (வேறிடத்துத் தோலை எடுத்துப் புண்ணில் வைக்கும் அறுவை சிகிச்சை) எப்போது?" என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் கிடைக்கும். ஒருவரே தினமும் கேட்டு நோட்டில் எழுதட்டும். நாலு பேர் கேட்டால் நாலு விதமாகப் புரிந்து பயம்தான் பெருகும்.

உறவினர்களுக்கு வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்: இரவுத் துணை, முட்டையும் பருப்புமாகச் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளி. வீடு திரும்பியதும் ஆட்கள் குறைவார்கள். ஆனால் தழும்பு முதிர ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை அழுத்த உடை (தழும்பு தடிக்காமல் இறுக்கிப் பிடிக்கும் உடை) நாளுக்குச் சுமார் 23 மணி நேரம், கூடவே மூட்டுப் பயிற்சி. துணை அதிகம் தேவைப்படுவது அப்போதுதான்.