லாரி ஹோம்ஸ் எத்தனையாவது? கேளுங்கள், சொல்கிறேன்

ஹெவிவெயிட் பாக்ஸிங்கில் யார் பெரியவர் என்று பேச ஆரம்பித்தால் அலி, டைசன், மார்சியானோ என்று பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கும், லாரி ஹோம்ஸ் பெயர் வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். 1978 ஜூனிலிருந்து 1985 செப்டம்பர் வரை, ஏழு வருஷத்துக்கு மேல் சாம்பியனாக இருந்தவர், டைட்டிலை 20 முறை காப்பாற்றியவர். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்களும் வரலாம்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் ஹோம்ஸுக்கு எந்த இடம்?

மூன்று. அலி, ஜோ லூயிஸ், அதற்கடுத்து ஹோம்ஸ்.

நான் பார்ப்பது ஒருவருடைய மிகச் சிறந்த ஒரு ராத்திரியை அல்ல. அப்படிப் பார்த்தால் 1973இல் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளிய ஜார்ஜ் ஃபோர்மனுக்கு யாரும் ஈடு கிடையாது. ஆனால் அந்த ஃபோர்மன் இரண்டு முறைதான் டைட்டிலைக் காப்பாற்றினார், அடுத்த வருஷமே கின்ஷாசாவில் அலியிடம் விட்டார் (45 வயதில் திரும்பி வந்து மறுபடி சாம்பியன் ஆனது தனி அதிசயம், அதை மறுக்கவில்லை). எத்தனை காலம் உச்சியில் நின்றார், சரியில்லாத ராத்திரியில் எப்படித் தப்பித்தார், தோற்றபோது எந்த வயதில், எந்த நிலையில் இருந்தார், இந்த மூன்றும்தான் என் கணக்கு. இதில் ஹோம்ஸுக்கு மேலே இரண்டு பேரைத்தான் என்னால் வைக்க முடிகிறது.

கேள்வி: 20 டிஃபென்ஸ் சரி, யாரை எதிர்த்து? பாதிப் பேர் பெயரே தெரியாது. ஜோ லூயிஸையும் இப்படித்தான் கிண்டல் செய்தார்கள், ஆனால் அவராவது 25.

லொரென்சோ ஸானன், லூசியன் ரோட்ரிகஸ், ஸ்காட் ஃபிராங்க், இவர்களெல்லாம் எண்ணிக்கைக்கு வந்தவர்கள்தான். அதை விட்டுக்கொடுக்கிறேன். மீதியைப் பாருங்கள். மைக் வீவரை 1979இல் 12ஆவது ரவுண்டில் நிறுத்தினார் (எதிராளி மேலே ஆட முடியாமல் சண்டை பாதியிலேயே முடிவதைத்தான் இப்படிச் சொல்வார்கள்), வீவர் அடுத்த வருஷமே டபிள்யூபிஏ சாம்பியன் (டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப் எல்லாம் தனித்தனியாகப் பட்டம் தருகிற பாக்ஸிங் அமைப்புகள்). 1981இல் டிரெவர் பெர்பிக்கை 15 ரவுண்டிலும் ஆடவிட்டு ஜெயித்தார், பெர்பிக் 1986இல் டபிள்யூபிசி சாம்பியன். 1983இல் ஜெயித்த டிம் விதர்ஸ்பூன் பின்னால் இரண்டு முறை சாம்பியன். 1984இல் ஜெயித்த 'போன்கிரஷர்' ஸ்மித்தும் 1986இல் சாம்பியன். எல்லாரும் ஹோம்ஸிடம் தோற்ற பிறகு பெல்ட் வாங்கியவர்கள். அவர்கள் ஹோம்ஸை எதிர்த்து நின்ற அன்று யாருக்கும் தெரியாதவர்கள் என்பதால் அவருக்குப் பேர் கிடைக்கவில்லை, பேர் கிடைத்த பிறகு அவர்கள் ஹோம்ஸிடம் வரவில்லை.

கேள்வி: நான் பாக்ஸிங்குக்குப் புதுசு. ஹோம்ஸின் ஜாப் ஜாப் என்கிறார்களே, ஜாப் எல்லாரும்தானே போடுகிறார்கள்?

நல்ல கேள்வி. ஜாப் என்பது முன்னால் நீட்டியிருக்கும் கையால் சட்டென்று நேராகப் போடும் குத்து, ஹோம்ஸுக்கு அது இடது கை. அடுத்த முறை வீடியோ பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், அவருடைய இடது கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கையைத் தாடைக்குப் பக்கத்தில் வை என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லித் தருவார். ஹோம்ஸின் கை நெஞ்சுக்குக் கீழே, சில நேரம் இடுப்பு வரை தொங்கும். எதிராளி தன் கிளவுஸுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், குத்து கீழேயிருந்து கிளம்பி வருகிறது, கண் அதைப் பிடிப்பதற்குள் மூக்கில் பட்டுவிடுகிறது. ஆள் 6 அடி 3 அங்குலம், கைவீச்சு 81 அங்குலம், அதனால் பதிலுக்கு அடிக்க வேண்டுமென்றால் ஒரு முழு அடி உள்ளே வந்தாக வேண்டும். ஒரு ஜாபோடும் விடமாட்டார். முதலாவது தொட்டுப் பார்க்க, இரண்டாவது ஆளை நிறுத்திவைக்க, மூன்றாவது வரும்போது எதிராளி தானாகவே பின்னால் சாய்ந்திருப்பார், அப்போதுதான் வலது கை நேராகப் போகும். 15 ரவுண்டும் இதைச் செய்தால் எதிராளியின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொள்ளும், முகம் அடையாளம் தெரியாமல் போகும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கீழேயிருந்து போன கை கீழேயே திரும்பி வருவதால் இடது பக்கத் தாடை திறந்திருக்கும், எதிராளி வலது கையை மேலாக வீசினால் வாங்க வேண்டியதுதான். 1979இல் எர்னி ஷேவர்ஸ் அப்படித்தான் ஏழாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார். அந்தக் காலத்தில் ஷேவர்ஸை விடப் பலமாக அடிக்கிறவர் யாரும் கிடையாது என்பார்கள், அந்த அடிக்கு எழுந்ததே பெரிது. ஹோம்ஸ் எழுந்து, அந்த ரவுண்டைத் தாண்டி, 11ஆவதில் ஷேவர்ஸை நிறுத்தினார். இரண்டு வருஷம் கழித்து ரெனால்டோ ஸ்னைப்ஸ், அதே ஏழாவது ரவுண்ட், அதே வலது கை. இந்த முறை எழுந்தவர் தடுமாறிப் போய் ரிங் மூலையில் முகம் மோத விழுந்தார், பார்க்கிறவர்கள் முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். அதையும் 11ஆவது ரவுண்டில் ஜெயித்தார். குறையைத் திருத்திக்கொள்ளவே இல்லை, எழுந்திருக்க மட்டும் தெரிந்திருந்தது.

கேள்வி: கென் நார்ட்டன் சண்டையின் 15ஆவது ரவுண்டைப் பற்றி ரொம்பப் பெரிதாகச் சொல்கிறார்களே, அவ்வளவு நன்றாக இருக்குமா?

இருக்கும். 1978 ஜூன் 9, லாஸ் வேகாஸ், சீசர்ஸ் பேலஸ். ஹோம்ஸுக்கு அதுவரை நெஞ்சுரம் இல்லாதவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 1972 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் டுவேன் பாபிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர். போதாக்குறைக்கு நார்ட்டன் சண்டைக்குச் சில நாள் முன்னால் பயிற்சியில் இடது கையில் அடிபட்டுவிட்டது. அவருக்கு எல்லாமே அந்தக் கைதான்!

14 ரவுண்ட் முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் சமநிலை. யாரோ திரைக்கதை எழுதிக் கொடுத்த மாதிரி எல்லாம் கடைசி மூன்று நிமிஷத்துக்கு வந்து நின்றது. முதலில் நார்ட்டன் மேலே, பிறகு ஹோம்ஸ், மறுபடி நார்ட்டன், மணி அடிக்கும்போது ஹோம்ஸின் குத்துகளில் நார்ட்டன் ஆடிப்போய் நிற்கிறார். இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கு, ஒருவர் அதே கணக்கில் நார்ட்டனுக்கு. நார்ட்டனுக்குக் கொடுத்திருந்தாலும் நான் சண்டை போட மாட்டேன்.

கேள்வி: எங்கள் அப்பா 1980இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் அலி ஜிம்மி எல்லிஸோடு ஆடிய காட்சிப் போட்டியைப் பார்த்தவர். எம்.ஜி.ஆர். வந்திருந்ததை இன்றைக்கும் சொல்வார். ஹோம்ஸ் பெயரை எடுத்தாலே முகம் மாறிவிடும், வயசான மனுஷனைப் போட்டு அடித்தவன் என்பார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அப்பாவின் கோபம் நியாயம், ஆனால் ஆள் மாறிவிட்டது.

மெட்ராஸுக்கு வந்துபோன அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதிதான் அந்தச் சண்டை. அலிக்கு 38 வயது. வெளியே பார்க்க உடம்பு வற்றி, தலைமுடிக்குக் கறுப்பு பூசி, பழைய அலி மாதிரியே இருந்தார். உள்ளே ஒன்றுமில்லை, தைராய்டு மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு இறங்கிய எடை அது. நடந்த 10 ரவுண்டையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். பாதியிலிருந்து ஹோம்ஸ் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு ரெஃப்ரியைப் பார்க்கிறார், நிறுத்துங்களேன் என்கிற மாதிரி. கடைசியில் அலியின் மூலையிலிருந்து ஆஞ்சலோ டண்டிதான் நிறுத்தினார். அலி நேரம் முடியாமல் நிறுத்தப்பட்டுத் தோற்றது வாழ்நாளில் அது ஒன்றுதான். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார்.

அவர் அலியிடம் சம்பளத்துக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து வளர்ந்த ஆள். அலியின் டீர் லேக் பயிற்சி முகாமில் ஒருமுறை அலி அடித்துக் கண் கறுத்துப்போனபோது ஐஸ் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், அலி கொடுத்த கறுப்பு, ஊரில் காட்ட வேண்டும் என்று. கோபப்பட வேண்டுமென்றால் அந்தச் சண்டைக்கு அனுமதி கொடுத்தவர்கள் மேல் படச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, ஜெரி கூனி சண்டை வெறும் கறுப்பர்-வெள்ளையர் என்று இனத்தை வைத்துச் செய்த விளம்பரம்தானே?

விளம்பரம் அசிங்கம்தான் தம்பி, சண்டை அசல். 1982 ஜூன் 11. சேலஞ்சருக்கும் சாம்பியனுக்கும் சரிசமப் பணம். சாம்பியனைக் கடைசியில் அறிமுகப்படுத்துவதுதான் வழக்கம், அன்று ஹோம்ஸை முதலில் கூப்பிட்டார்கள். கூனியின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) உண்மையிலேயே பயங்கரம். இரண்டாவது ரவுண்டில் கீழே விழுந்தும் 13 வரை தாக்குப்பிடித்தார், இடுப்புக்குக் கீழே அடித்ததற்காக மூன்று பாயிண்ட் பறிபோனது. ஹோம்ஸின் ஜாபுக்கு ஒரு சண்டையை மட்டும் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். இரண்டு பேரும் பின்னால் நெருங்கிய நண்பர்கள் ஆனது தனிக்கதை.

கேள்வி: 48 வெற்றி, தோல்வியே இல்லை என்று 48-0இல் இருந்து மார்சியானோவின் 49-0ஐத் தொட முடியவில்லை. அதுவும் எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்காரரிடம் தோற்றார். இவரா மூன்றாவது?

மைக்கேல் ஸ்பிங்க்ஸ் சும்மா ஒரு லைட் ஹெவிவெயிட்காரர் இல்லை, அந்த எடையில் தோல்வியே காணாத சாம்பியன். 1985 செப்டம்பர் 21, மார்சியானோ கடைசியாக ஆர்ச்சி மூரோடு மோதி சரியாக 30 வருஷம். ஹோம்ஸுக்கு 36 ஆகப்போகிறது, அதற்கு முந்தைய கார்ல் வில்லியம்ஸ் சண்டையிலேயே கால் ஓய்ந்துவிட்டது தெரிந்தது. முதல் சண்டை ஸ்பிங்க்ஸுக்குத்தான், சந்தேகமில்லை. 1986இல் நடந்த இரண்டாவது சண்டையில் ஹோம்ஸ் ஜெயித்தார் என்பது என் எண்ணம், அப்படி நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நடுவர்கள் பிரிந்து ஸ்பிங்க்ஸுக்குக் கொடுத்தார்கள்.

அவரைக் கெடுத்தது தோல்வி இல்லை, வாய். முதல் தோல்விக்கு அப்புறம் பத்திரிகையாளர்கள் முன்னால், மார்சியானோ தன் உள்கோவணத்தைத் தூக்கக்கூடத் தகுதியில்லாதவர் என்கிற மாதிரிப் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார், யார் காதிலும் விழவில்லை. பல பட்டியல்களில் அவர் கீழே இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: கிரெக் பேஜை ஏன் எதிர்கொள்ளவில்லை? இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

சொல்கிறேன். 1983 கடைசியில் டபிள்யூபிசி அவரை அப்போதைய முன்னணி சேலஞ்சரான பேஜோடு மோதச் சொன்னது, பணம் போதாது என்று பெல்ட்டையே விட்டுவிட்டு அப்போதுதான் பிறந்த ஐபிஎஃப் பக்கம் போய்விட்டார். அதற்கு முன்னால் ஜோ ஃப்ரேசியரின் மகன் மார்விஸை, அனுபவம் போதாத பையனை, ஒரே ரவுண்டில் முடித்து நல்ல காசு பார்த்தார். விதர்ஸ்பூன் சண்டை மிக நெருக்கமாகப் போயும் மறு சண்டை கொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் கெரி கோட்ஸியோடு 1984இல் பேசிவைத்தது பணம் புரளாமல் நின்றுபோனது, அதில் மட்டும் தப்பு இவருடையது இல்லை. பேஜும் விதர்ஸ்பூனும் உண்மையான ஓட்டைகள். அலிக்கும் ஜோ லூயிஸுக்கும் கீழே நான் அவரை வைப்பதே இதனால்தான்.

கேள்வி: டைசன் நாலே ரவுண்டில் தூக்கி எறிந்தாரே?

1988 ஜனவரி. டைசனுக்கு 21, ஹோம்ஸுக்கு 38, அதுவும் இருபது மாசத்துக்கு மேல் ரிங் பக்கமே வராமல். அலியை ஹோம்ஸ் அடித்ததைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறவர்களே இதை மட்டும் சேர்க்கிறார்கள். 75 சண்டையில் அவர் நிறுத்தப்பட்டது இது ஒன்றுதான். 1980இன் ஹோம்ஸும் 1988இன் டைசனும் மோதினால்? முதல் ஐந்து ரவுண்டில் டைசனின் வலது கை எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். அதைத் தாண்டிவிட்டால் ஹோம்ஸ்தான்.

கேள்வி: லெனாக்ஸ் லூயிஸை விட மேலே எப்படி?

நூலிழை வித்தியாசம். நாலாவது இடத்தில் அவரைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று. 1994இல் லெனாக்ஸ் லூயிஸை இரண்டாவது ரவுண்டில் சாய்த்த ஆலிவர் மெக்கால், ஏழு மாசம் கழித்து 45 வயது ஹோம்ஸை எதிர்த்து 12 ரவுண்டும் ஆடி, மயிரிழையில்தான் தப்பித்தார். அதற்கு முன்னால் 1992இல், ஒலிம்பிக் தங்கம் வாங்கி அதுவரை தோற்காத ரே மெர்சரை 42 வயதில் கயிற்றோரமாகச் சாய்ந்துகொண்டே பாடம் நடத்தி அனுப்பியதையும் பாருங்கள்.

கேள்வி: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

நார்ட்டன், 15ஆவது ரவுண்டை மட்டும் தனியாகப் பார்க்காமல் முழுசாக. அப்புறம் இரண்டாவது ஷேவர்ஸ் சண்டை (மேலே சொன்ன 1979 சண்டை), கூனி, மெர்சர். அலி சண்டையை விட்டுவிடுங்கள், பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை. நேரம் மிச்சமிருந்தால், 1991இல் பெர்பிக்கோடு வாய்த்தகராறு முற்றி, சூட் போட்ட ஹோம்ஸ் ஒரு கார் மேல் ஏறி ஓடி அவர் மேல் குதிக்கிற துண்டு வீடியோ கிடைக்கும்.