மகளின் குதிரையேற்ற விண்ணப்பத்தை அப்பா நிரப்பிக் கொடுத்தால் என்ன தவறு?

"பிள்ளைக்கு நேரமில்லை, நான் நிரப்பிக் கொடுக்கிறேன், இதெல்லாம் ஏமாற்றா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோராம் வகுப்புப் பெண்ணின் அப்பாவாக இருப்பீர்கள். மூன்று வருடம் முன்பு நானும் அதே ஆள்தான்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சி. மகள் எட்டு வயதிலிருந்து குதிரை ஏறுகிறாள். சொந்தக் குதிரை கிடையாது, லீஸ்தான். (பணக்காரத் திமிர் என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: என் கார் 2011 மாடல்.)

அவளுக்கு என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) அணி ஒன்றில் சேர ஆசை. கல்லூரிக் கோச்சுக்கு ஒரு படிவம், ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். அவள் போட்டியில் தாண்டிய தடையின் உயரம் 2 அடி 9 அங்குலம். நான் 3 அடி 6 என்று போட்டேன். வீடியோவில் நாலாவது தடை முன்னால் குதிரை முரண்டு பிடித்து நின்றுவிட்டது. அதை வெட்டிவிட்டு, இன்னொரு நாள் ஓடியதை ஒட்டினேன். ஈமெயிலையும் அவள் பெயரில் நானே எழுதினேன்.

கோச் வீடியோ காலில் வந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "மூணாவது தடை வரைக்கும் சேணத்துக்கு அடியில் நீலத் துணி. நாலாவதில் வெள்ளை. குதிரை நடுவுல டிரஸ் மாத்திச்சா?"

நான் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மகள் என் பக்கம் திரும்பவேயில்லை. "அப்பா எடிட் பண்ணினார். நான் தாண்டுற உயரம் 2 அடி 9தான்" என்றாள்.

நான் வெட்டிய துண்டைத்தான் கோச் கேட்டார். கல்லூரி அணிப் போட்டியில் சொந்தக் குதிரை கிடையாதாம். போட்டி நடத்தும் கல்லூரியின் குதிரையில் இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் மாறி மாறி ஏற வேண்டும். பழகிக்கொள்ள நான்கு நிமிடம். குதிரை நின்றால் பெண் என்ன செய்கிறாள் என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்தத் துண்டில் அவள் பதறாமல் ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி தாண்டியிருந்தாள். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, நின்றதை மட்டும்தான் பார்த்தேன்.

இடம் கிடைக்கவில்லை. தாண்டும் உயரம் போதாது.

2019-இல் துடுப்பே பிடிக்காத பிள்ளைகளைப் படகு வீரர்களாகக் காட்டி அட்மிஷன் வாங்கிய பெற்றோர்கள் மாட்டியபோது, டிவி முன்னால் உட்கார்ந்து வாய் கிழியப் பேசியவன் நான். "அவங்க லட்சக்கணக்கில் லஞ்சம் கொடுத்தாங்க, நான் ஐமூவியில் பதினோரு செகண்ட் வெட்டினேன், ரெண்டும் ஒண்ணா?" என்று மனைவியிடம் வாதாடினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

இதில் அட்மிஷன் கன்சல்டன்ட் ஒருத்தரைச் சொல்லாமல் விட முடியாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ஒரு செயல்பாட்டை விவரிக்க 150 எழுத்துதான் இடம். ரெண்டு சனிக்கிழமை லாயத்தில் சாணி அள்ளியதை அவர் "குதிரை சிகிச்சை அமைப்பின் நிறுவனர்" ஆக்கினார். எல்லாம் உண்மை என்று கடைசியில் கையெழுத்துப் போடுவது பிள்ளை. அந்த வரியை மகள் அழித்துவிட்டாள். மீதிப் பணத்தைக் கேட்டு மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

இப்போது அவள் ஐஎச்எஸ்ஏ (கல்லூரி மாணவர்களுக்கான இன்னொரு குதிரையேற்றப் போட்டி அமைப்பு) கிளப் அணியில் இருக்கிறாள். அங்கே அனுபவத்தை வைத்துப் பிரிவு ஒதுக்குவார்கள், அதனால் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லி எளிய பிரிவில் நுழைவதுதான் திருட்டு. அந்தப் படிவம் வந்தபோது, "ஒரு தடவை பார்த்துத் தரட்டுமா?" என்றேன்.

"நீங்க ஃபீஸ் மட்டும் கட்டுங்கப்பா" என்றாள். கட்டினேன்.