ஒரு பிள்ளை, இரண்டு வீடு: யார் பெயரில் சைல்ட் பெனிபிட்?

பிரிட்டனில் திருமணப் பதிவு இல்லாமல், தனித்தனி வீட்டில் இருந்தபடி பிள்ளை வளர்க்கும் பெற்றோரின் கேள்விகள் இம்முறை. சைல்ட் பெனிபிட் (பிள்ளை வளர்ப்பவருக்கு அரசு தரும் உதவித்தொகை) தொகைகள் 2025–26 நிதியாண்டுக்குரியவை.

கேள்வி: கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. அவர் வேறு வீட்டில் இருக்கிறார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து மகளோடு தங்குவார். மூன்று இரவு வரை பிரச்சினை இல்லை என்கிறார்கள். நான் தனி ஆளாக யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவி) கேட்கலாமா? (வாசகி, ஹாரோ)

பதில்: ‘மூன்று இரவு’ என்று ஒரு விதி கிடையாது. பலர் இதை நம்பித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரவுகளை எண்ணி முடிவு சொல்ல மாட்டார்கள். நீங்கள் இருவரும் ஒரே குடும்பமாக வாழ்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். வாடகையும் மளிகைச் செலவும் யார் கொடுக்கிறார், அவருடைய உடுப்பு எங்கே இருக்கிறது, சமையல், துவைப்பு யார் வீட்டில், வெளியில் உங்களைத் தம்பதியாகச் சொல்லிக்கொள்கிறீர்களா, உறவு எவ்வளவு நிலையானது என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுவார்கள். பிள்ளைக்கு இருவரும் பெற்றோர் என்பது மட்டும் உங்களைத் தம்பதியாக்கிவிடாது.

அவருக்கென்று உண்மையாகவே ஒரு வீடு இருந்து, அங்கே அவரே வாடகை, கவுன்சில் டாக்ஸ், மின்கட்டணம் கட்டினால் நீங்கள் தனி ஆளாக விண்ணப்பிக்கலாம். அப்போது அவருடைய சம்பளத்தையும் சேமிப்பையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய வங்கிக் கடிதம், கார் இன்சூரன்ஸ், ஜி.பி. பதிவு இவற்றில் ஏதாவது உங்கள் முகவரியில் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். ‘கடிதம் தொலையாமல் இருக்கட்டும்’ என்று கொடுத்த முகவரிதான் பிறகு கேள்வியாக வரும். தனியாக இருப்பவருக்கான 25 சதவீத கவுன்சில் டாக்ஸ் கழிவையும் கேட்டுவிடுங்கள். ஓரிடத்தில் தனி ஆள், இன்னோரிடத்தில் இருவர் என்று பதிவுகள் முரண்படக் கூடாது.

ஒரு வேறுபாடு முக்கியம். முன்பு ஒன்றாக இருந்து, வேலைக்காக அவர் கொஞ்ச நாள் வெளியூர் போயிருந்தால் அது பிரிந்து வாழ்வது ஆகாது. ஆறு மாதத்துக்கு மேல் விலகியிருந்தாலோ, அப்படி இருக்கப்போவது தெரிந்தாலோதான் யூனிவர்சல் கிரெடிட்டில் தனி ஆளாகக் கருதுவார்கள்.

கேள்வி: மகன் என்னோடு இருக்கிறான். தனி வீட்டில் இருக்கும் அவன் அப்பாவுக்கு ஆண்டுக்கு 75,000 பவுண்டு சம்பளம். சைல்ட் பெனிபிட் யார் பெயரில் எடுப்பது? (வாசகி, லெஸ்டர்)

பதில்: உங்கள் பெயரில். பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அவருக்குத்தான் முன்னுரிமை. முதல் பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு சுமார் 1,354 பவுண்டு.

அவர் பெயரில் எடுத்தால், வருமானம் 60,000 பவுண்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் பெனிபிட்டில் ஒரு சதவீதத்தை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். 75,000 என்றால் 75 சதவீதம், சுமார் 1,015 பவுண்டு போய்விடும். நீங்கள் பதிவுத் திருமணம் செய்யாமல் வேறு வீட்டில் இருப்பதால், உங்கள் பெயரில் எடுக்கும்போது உங்கள் வருமானத்தை மட்டுமே பார்ப்பார்கள். நாளை ஒரே வீட்டுக்குக் குடிபோனால் அந்த வாரத்திலிருந்து அவருடைய வருமானமும் கணக்கில் வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டனில் கோயிலில் மட்டும் நடந்த சடங்கு சட்டப்படி திருமணம் ஆகாது. ஆனால் இந்தியாவில் அந்நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் திருமணத்தை இங்கும் திருமணமாகவே ஏற்பார்கள். அப்படி மணந்தவர்கள், உறவு முறியாமல் வேலை நிமித்தம் இரண்டு வீட்டில் இருந்தால், இந்த வரிக்கு அவர்கள் தம்பதியேதான்.

விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய பாக்கி மூன்று மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும். பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட்டும் விண்ணப்பித்தவர் பெயரில்தான் ஏறும். வேலைக்குப் போகாத தாய்க்குப் பிற்காலத்தில் ஓய்வூதியமாகத் திரும்பி வருவது அது. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதைவிட யார் பெயரில் விண்ணப்பம் என்பதே பெரிது.

கேள்வி: இரண்டு பிள்ளைகளும் பாதி நாள் என்னோடு, பாதி நாள் தாயோடு. பெனிபிட்டைப் பாதியாகப் பிரிக்கலாமா? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: ஒரு பிள்ளைக்கான தொகையைப் பிரிக்க முடியாது. ஆனால் ஆளுக்கொரு பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது இருவருக்குமே முதல் பிள்ளைக்கான 26.05 கிடைக்கும், சேர்த்தால் வாரம் 52.10. ஒருவரே இரண்டையும் எடுத்தால் 26.05-உம் 17.25-உமாக 43.30தான். முதலில் பேசி முடிவெடுங்கள். ஒரே பிள்ளைக்கு இருவரும் போட்டி போட்டு விண்ணப்பித்தால் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், அந்தத் தேர்வை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை.

கேள்வி: என் விசாவில் அரசு உதவி பெறக் கூடாது என்று இருக்கிறது. பிள்ளையின் தந்தை நிரந்தர வதிவிடம் உள்ளவர், வேறு வீட்டில் இருக்கிறார். பிள்ளை பிரிட்டிஷ். நான் விண்ணப்பிக்கலாமா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். சைல்ட் பெனிபிட், யூனிவர்சல் கிரெடிட் இரண்டுமே அந்தத் தடைக்குள் வருபவை. பிள்ளை பிரிட்டிஷ் என்பதால் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. விசா நிபந்தனையை மீறியதாகிவிடும்.

வழி இருக்கிறது. பிள்ளையோடு வாழாத பெற்றோரும், பெனிபிட் தொகைக்குக் குறையாமல் பிள்ளையின் செலவுக்குக் கொடுத்துவந்தால், தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். வாரம் 26.05 என்றால் மாதத்துக்கு 112.88 ஆகிறது. 120 பவுண்டு ஸ்டாண்டிங் ஆர்டர் (மாதாமாதம் வங்கி தானே அனுப்பும் ஏற்பாடு) போட்டு, குறிப்பில் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கையில் கொடுக்கும் காசுக்குச் சாட்சி இல்லை. ஏப்ரலில் பெனிபிட் தொகை மாறும்போது ஸ்டாண்டிங் ஆர்டர் அதற்குக் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவர் பிள்ளைக்குத் தரும் பணத்தால் என் யூனிவர்சல் கிரெடிட் குறையுமா? எவ்வளவு கேட்பது நியாயம்? (வாசகி, டூட்டிங்)

பதில்: குறையாது. பிள்ளைப் பராமரிப்புப் பணத்தை வருமானமாகக் கணக்கிட மாட்டார்கள். அளவுக்கு பிள்ளைப் பராமரிப்புப் பணத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்விஸின் கணக்கைப் பாருங்கள்: வரி பிடிக்கும் முன் வாரம் 500 பவுண்டு சம்பளம் என்றால் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், 60 பவுண்டு. ஆண்டுக்கு 52 முதல் 103 இரவு பிள்ளை அவர் வீட்டில் தங்கினால் அதில் ஏழில் ஒரு பங்கு கழியும், சுமார் 51.43 வரும். இரவுக் கணக்கு உண்மையில் எண்ணப்படுவது இங்கேதான். பிள்ளை எங்கே தூங்கியது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விண்ணப்பிக்க இப்போது கட்டணமில்லை. பணத்தை அவர்களே வசூலித்துத் தந்தால் மட்டும் அவரிடம் 20 சதவீதம் கூடுதலாக வாங்கி, உங்களுக்கு வருவதில் 4 சதவீதம் பிடிப்பார்கள். அதனால் நேரடியாக வங்கிக்கு வாங்குவதே இருவருக்கும் இலாபம்.