ஓசிஐ அட்டை இருந்தால் நாத்து லாவுக்குப் போகலாமா?

ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஜூன் பள்ளி விடுமுறையில் சிக்கிம் போக நினைக்கிறோம். நானும் பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரர்கள். கணவரும் குடியுரிமை மாறிவிட்டார், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறார். மாமியார் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்துகொள்வார். முகவர் தந்த திட்டத்தில் கேங்டாக், லாச்சுங், குருடோங்மார் ஏரி, நாத்து லா எல்லாம் இருக்கின்றன. பெர்மிட் பற்றிக் கேட்டால் “அங்கே போனதும் எடுத்துக்கலாம்” என்கிறார். முன்பணம் கட்டலாமா?

இந்தத் திட்டத்துக்குக் கட்டாதீர்கள். இது இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்டது. அதையே பெயர் மாற்றி உங்களிடம் விற்கிறார்கள். சீன எல்லையை ஒட்டிய நாத்து லா கணவாய்க்கும், 5,000 மீட்டருக்கு மேல் இருக்கும் குருடோங்மார் ஏரிக்கும் வெளிநாட்டவரை விடுவதில்லை. உங்கள் ஐவரில் மாமியார் ஒருவர்தான் போகலாம். நீங்கள் நால்வரும் கேங்டாக் விடுதியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கணவரின் ஓசிஐ அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. அந்த அட்டை இருந்தால் விசா வேண்டாம், இந்தியாவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். உண்மைதான். ஆனால் எல்லையோரப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று வந்துவிட்டால் ஓசிஐக்காரரும் தனி அனுமதி வாங்கியாக வேண்டும் என்று இந்திய உள்துறை அமைச்சின் 2021 மார்ச் அறிவிப்பு தெளிவாகச் சொல்கிறது. திருச்சியில் பிறந்தவர், தமிழ் பேசுபவர், அம்மா இந்தியக் குடிமகள் என்பதெல்லாம் சோதனைச் சாவடியில் எடுபடாது. கையில் இருக்கும் கடப்பிதழ் சிங்கப்பூருடையது, அவ்வளவுதான். “முகத்தைப் பார்த்தால் யார் கேட்கப்போகிறார்கள், அண்ணனுடைய ஆதாரைக் காட்டிவிடலாம்” என்று சில ஓட்டுநர்களும் இடைத்தரகர்களும் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பிடிபட்டால் அந்த ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், வழக்கு உங்கள் கணவர் மேல்தான் விழும்.

சரி, எங்கே போகலாம்? சிக்கிமுக்குள் நுழையவே நீங்கள் நால்வரும் ஓர் அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இதற்கு உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் முகவர் கூலி என்று அதற்குப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். லாச்சுங், யும்தாங் பள்ளத்தாக்கு, சோம்கோ ஏரி ஆகியவற்றுக்கு இரண்டாவதாக ஓர் அனுமதி உண்டு. சிக்கிமில் பதிவுபெற்ற முகவர் மூலமாகத்தான் அதைப் பெற முடியும், வெளிநாட்டவர் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். நீங்கள் நால்வர் என்பதால் அதில் சிக்கல் இல்லை. மாமியாருக்கு வேறு படிவம். அவருடைய வாக்காளர் அட்டை அல்லது கடப்பிதழும் புகைப்படங்களும் வேண்டும். ஒரே குடும்பம், ஒரே வண்டி, ஒரே சாலை, இத்தனை தாள்கள்! இதையெல்லாம் ஒரே இணையப்பக்கத்தில் வைத்து, எந்த நாட்டுக் கடப்பிதழுக்கு எந்த இடம் திறந்திருக்கிறது என்று இரண்டு வரியில் எழுதிப் போட்டால் இடைத்தரகர்களில் பாதிப் பேருக்கு வேலையே இருக்காது. எத்தனை ஆண்டுகளாகச் சொல்லியும் அது நடக்கவில்லை.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மின்விசா வேண்டும். இந்திய அரசின் இணையதள முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடியும். தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பரத் தளங்கள் பல மடங்கு வெள்ளி கறந்துவிடும்.

ஜூன் மாதத்தையும் மறுபடி யோசியுங்கள். அங்கே அது மழைக்காலத் தொடக்கம். 2024 ஜூனில் நிலச்சரிவால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் லாச்சுங்கில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில் தெற்கு லோனக் பனியேரி உடைந்து வந்த வெள்ளம் சுங்தாங் அணையையே அடித்துப் போனது. தீஸ்தா ஆற்றை ஒட்டிய சாலை இன்னும் மழைக்குப் பயந்த சாலைதான். முடிந்தால் ஆண்டிறுதி விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். நவம்பர் பிற்பாதியில் வானம் தெளிந்து, 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்கா கேங்டாக்கிலிருந்தே தெரியும். லாச்சுங்கில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும், அறையில் ஹீட்டர் உண்டா என்று முன்பே கேளுங்கள். ஜூனில்தான் போக முடியும் என்றால் சிம்லா, மணாலி பாருங்கள், அங்கே இந்தப் பெர்மிட் தொல்லை இல்லை. 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் வழியாக ரோதாங் கணவாயைத் தொடாமலே லாஹௌல் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு மணாலிக்கே திரும்பலாம்.

குருடோங்மார் தவறிப்போகிறதே என்று வருந்தாதீர்கள். ஏரிக்குப் போகும் வழியில் லாச்சென் என்ற ஊரில் 2,700 மீட்டரில் தூங்கிவிட்டு, விடியற்காலையில் கிளம்பி 5,000 மீட்டருக்கு ஏறுவது வயதானவர்களுக்கு ஆபத்து. மாமியாரையும் தனியாக அனுப்ப வேண்டாம்.

இப்போது முகவரிடம் போய் இரண்டு விஷயம் செய்யுங்கள். அவருடைய உரிமம் செல்லுபடியாகிறதா என்று சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் இணையதளத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் கடை விரித்திருப்பவர் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஐவரின் பெயருக்கும் எதிரே எந்தக் கடப்பிதழ், எந்தெந்த இடத்துக்கு அனுமதி, கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு முகவரைப் பாருங்கள்.