தேநீர் கேள்வி - பதில்: கசக்கும் ஷெங் பு-எர்

கே: சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செய்த ஷெங் பு-எர் தேயிலை வில்லை ஒன்று கிடைத்தது. உறையில் மெங்ஹாய், 2023 என்று இருக்கிறது. ஒரு டம்ளர் கொதிநீரில் ஒரு ஸ்பூன் போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்தேன். வேப்பங்கொழுந்தை மென்றது போல ஆகிவிட்டது. தேயிலை கெட்டுப்போனதா?

ப: தேயிலை நன்றாகவே இருக்கிறது. மூன்று நிமிடம்தான் அதிகம். ஷெங், அதாவது பழுக்கவைக்காத பு-எர், அஸ்ஸாம் தேயிலையின் அதே பெரிய இலை வகையிலிருந்து வருவது. இலையைச் சட்டியில் வதக்கி, உருட்டி, வெயிலில் காயவைத்து, ஆவியில் இளக்கி வில்லையாக அழுத்துகிறார்கள். ஈரக் குவியலில் போட்டுப் பழுக்கவைக்கும் ஷோ பு-எர் வேறு. அந்த முறை 1973-ல் யுன்னானின் தலைநகரான குன்மிங்கில் உருவானது. ஷெங் அந்தப் பக்குவத்துக்கு உட்படாததால், இளம் வில்லையில் காடெக்கினும் காஃபினும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கசப்பு அவற்றிலிருந்து வருவது.

இதை ஒரே டம்ளராக ஊறவைக்காமல், பத்துப் பன்னிரண்டு சின்ன ஊறல்களாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். 100 மி.லி. பிடிக்கும் மூடியுள்ள பீங்கான் கிண்ணம் ஒன்று போதும். சீனர்கள் இதை கைவான் என்பார்கள். அது இல்லையென்றால் கிண்ணத்தின் மேல் ஒரு சாசரைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். இலை 6 கிராம். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது, சமையல் தராசில் நிறுங்கள். வில்லையை உடைக்கும்போது கத்தியை மேலிருந்து குத்தாமல், ஓரத்தில் செருகி அடுக்கு அடுக்காக நெம்புங்கள். இலை நொறுங்கினால் தூளிலிருந்து சாறு ஒரேயடியாக இறங்கும். பாதிக் கசப்பு அங்கேயே வந்துவிடும்.

கொதித்த நீரை ஊற்றி ஐந்து விநாடியில் கொட்டிவிடுங்கள். இது இலையைக் கழுவவும் இளக்கவும், குடிக்க வேண்டாம். பிறகு முதல் ஊறல் 8 விநாடி, இரண்டும் மூன்றும் 5 விநாடி, நான்கு 8, ஐந்து 12, ஆறு 20, ஏழு 30, எட்டு 45. அதன்பின் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நீட்டலாம். இரண்டாவதை முதலாவதை விடக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் ஊறலில் கட்டி இன்னும் முழுதாகப் பிரிந்திருக்காது. இரண்டு முதல் நான்கு வரைதான் இலை விரிந்து சாறு வேகமாக இறங்கும். கசப்பின் உச்சம் அங்கேதான்.

ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். அடியில் இரண்டு ஸ்பூன் நீர் தங்கினாலும் அடுத்த ஊறலுக்குள் அது கஷாயமாகிவிடும். வடித்ததும் மூடியைச் சற்று விலக்கி வையுங்கள். மூடியே கிடந்தால் இலை தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

கே: கசப்பைக் குறைக்க நீரை 80 டிகிரிக்கு ஆறவிடலாமா?

ப: விடலாம், ஆனால் கசப்போடு கனமும் மணமும் போய்விடும். கொதிநீரையே வைத்துக்கொண்டு இலையை 5 கிராமாகவும் நேரத்தைப் பாதியாகவும் குறைப்பதே எங்கள் பரிந்துரை. வசந்தத்தின் மென்கொழுந்து மிகுந்த வில்லை என்றால் மட்டும் 90 டிகிரி சரி. போர்வெல் உப்புநீரைத் தவிருங்கள். தேநீரின் மேல் படலம் கட்டி, சுவை மங்கிவிடும்.

கே: கசப்பாக இருந்தாலும் நல்ல ஷெங் என்று எப்படிச் சொல்கிறார்கள்? எனக்கு எல்லாம் ஒரே கசப்பாகத்தான் தெரிகிறது.

ப: முதலில் கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பழகுங்கள். அறுசுவையில் இரண்டும் தனித்தனி என்பதால் நமக்கு இது எளிது. பாகற்காய் தருவது கசப்பு. வாழைப்பூவும் கடுக்காயும் தருவது துவர்ப்பு. காடெக்கின் போன்ற தேநீரின் பாலிஃபீனால்கள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய், நாக்கு சொரசொரக்கிறது; அதுதான் துவர்ப்பு.

ஒரு வாய் குடித்து விழுங்கியபின் வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டு, அரை நிமிடம் காத்திருங்கள். இந்த அரை நிமிடத்தில்தான் தேயிலையின் தரம் தெரியும். கசப்பு சட்டென்று கரைந்து தொண்டையில் இனிப்பு ஏறினால் அது நல்ல இலை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதே மாதிரி இனிப்பு. சீனர்கள் ‘ஹுய்கான்’, அதாவது திரும்பி வரும் இனிப்பு, என்கிறார்கள். கூடவே நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறினால் இன்னும் நல்லது. கசப்பு கரையாமல் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஊறலிலும் துவர்ப்பு மட்டும் மிஞ்சினால், அந்த வில்லைக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

ஊரையும் பாருங்கள். மெங்ஹாய் வட்டாரத்தின் புலாங் மலைத் தேயிலை கசப்புக்குப் பெயர்போனது. அந்த மலையிலுள்ள லாவ்மான்-எ கிராமத்தில் ‘கசப்புத் தேயிலை’, ‘இனிப்புத் தேயிலை’ என்று மரங்களையே இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அதே மலையின் லாவ்பான்ஜாங்கில் கசப்பு வலுவாக வந்து வேகமாக மாறும். அதன் விலை உச்சத்தில் இருக்க இதுவும் ஒரு காரணம். மென்மை வேண்டுமென்றால் மெங்லா பக்கத்து யிவு தேயிலையில் தொடங்குங்கள். பருவமும் முக்கியம். வசந்த அறுவடைக்கே மதிப்பு அதிகம், மழைக்காலத்து இலை மெலிவு. இலையுதிர் காலத்து இலைக்கு நெல் பூக்கும் பருவத்தை வைத்தே ‘குஹுவா’ என்று பெயர்; அதில் மணம் தூக்கலாகவும் கசப்பு சற்றுத் தணிந்தும் இருக்கும்.

கே: வெறும் வயிற்றில் குடிக்கலாமா?

ப: வேண்டாம். இளம் ஷெங் பலருக்கு வயிற்றைப் புரட்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், மாலை ஆறுக்குமேல் தவிருங்கள்.

கே: வைத்திருந்தால் கசப்பு குறையுமா? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ப: குறையும், ஆனால் ஆண்டுக்கணக்கில். சாறு இளமஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கும் பிறகு செம்மைக்கும் மாறும். வறண்ட குன்மிங்கில் இது மெதுவாகவும், ஈரமான ஹாங்காங்கில் வேகமாகவும் நடக்கிறது. ஃபிரிட்ஜ் கூடாது; குளிரில் இந்த மாற்றம் நின்றுபோகும், உள்ளேயிருக்கும் சாம்பார் வாடையும் ஏறும். மசாலா அலமாரியும், கற்பூரமோ அந்துருண்டையோ போட்ட பீரோவும் அதைவிட மோசம், ஏனென்றால் தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். காகித உறையோடு, வெயில்படாத மர அலமாரியில், ஈரப்பதம் 60 - 70 சதவீதத்தில் வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இதைத் தாண்டிவிடும், பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் மட்டும் ஈரத்தை 62 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பொட்டலம் ஒன்றோடு காற்றுப்புகாத பையில் மூடிவையுங்கள்.

கே: பன்னிரண்டு ஊறலுக்குப் பிறகு இலையைக் கொட்டிவிடவா?

ப: கொட்டுவதற்குமுன் 300 மி.லி. தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கசப்பெல்லாம் முந்தைய ஊறல்களிலேயே இறங்கியிருக்கும். வருவது மெல்லிய இனிப்பு நீர்.