59 வருடம் பதவியில், ஆனால் அமைச்சர் ஆகவில்லை: ஜான் டிங்கெலைப் பற்றி எழுதுவது எப்படி?

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தில் மிக அதிக காலம் இருந்த ஜான் டிங்கெலைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். வருடவாரியாக எழுதினால் வெறும் பட்டியலாகிவிடுகிறது. ஒருமுறைகூட அமைச்சர் ஆகாதவரைச் செல்வாக்குள்ளவர் என்று எப்படிக் காட்டுவது? அப்பா, மகன், மனைவி என்று பதவி கைமாறியதை வாரிசு அரசியல் எனலாமா?

பதில்: அமைச்சர் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் சபை (டிங்கெல் இருந்த பிரதிநிதிகள் சபை) உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. அரசியல் சட்டமே தடுக்கிறது. அங்கே சபைக்குள் அதிகாரம் என்றால், துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுக்களின் தலைமைதான். பெரும்பான்மைக் கட்சியில் அந்தக் குழுவில் மூத்தவருக்கே தலைமை போவது நெடுநாள் வழக்கம். ஆகவே சீக்கிரம் உள்ளே வந்து தோற்காமல் இருப்பதே ஒரு மூலதனம். டிங்கெல் 1955 டிசம்பரில், அப்பா இறந்து காலியான இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில், 29 வயதில் வந்தவர்.

அவருடைய எரிசக்தி, வர்த்தகக் குழுவை உங்கள் கட்டுரையின் நடுவில் வையுங்கள். 1981 முதல் 1995 வரையும், பிறகு 2007, 2008-லும் அவர்தான் தலைவர். மின்சாரம், மருந்து, தொலைத்தொடர்பு, காற்று மாசு எல்லாம் அதற்குள் அடக்கம். அரசு அலுவலகங்களுக்கு விளக்கம் கேட்டு அவர் அனுப்பும் கடிதங்களுக்கு 'டிங்கெல்கிராம்' என்றே பெயர் விழுந்தது. 1991-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் உல்லாசப் படகின் தேய்மானச் செலவைக்கூட எழுதியிருந்ததை இந்தக் குழுவின் விசாரணைதான் சந்திக்கு இழுத்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். இதே வேகத்தில் அவர் துருவிய ஓர் ஆய்வாளர் மீதான மோசடிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1996-ல் மேல்முறையீட்டில் அந்த ஆய்வாளர் விடுவிக்கப்பட்டார். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் அது புகழஞ்சலி.

அடுத்து தொகுதி. அவர் தொகுதியைச் சேர்ந்த, மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அவருடைய வாக்காளர்களில் கார்த் தொழிலாளர்கள் ஏராளம். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் 1973 சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த அதே மனிதர், கார்களின் எரிபொருள் சிக்கன விதிகளை இறுக்குவதற்குக் குறுக்கே நின்றார். எனக்கு இதில் பெரிய முரண் தெரியவில்லை. வேட்டைக்காரராகக் காட்டையும், உறுப்பினராகத் தொழிற்சாலையையும் பார்த்துக்கொண்டார். இதற்கான விலையை 2008 நவம்பரில் கொடுத்தார். சொந்த ஜனநாயகக் கட்சியினரே 137–122 என்று வாக்களித்து, குழுத் தலைமையைச் சூழல் விதிகளை இறுக்க விரும்பிய ஹென்றி வாக்ஸ்மனிடம் கொடுத்துவிட்டார்கள்.

இழை வேண்டும் என்றால் மருத்துவக் காப்பீட்டைப் பிடியுங்கள். அப்பா 1943-ல் முன்வைத்த தேசியக் காப்பீட்டு யோசனையை, மகன் ஒவ்வொரு புதிய சபை கூடும்போதும் மசோதாவாகக் கொடுத்தார். 1965-ல் முதியோருக்கான மெடிகேர் சபையில் நிறைவேறியபோது தலைமை இருக்கையில் இருந்தவர் அவர். அன்று அவர் தட்டிய சுத்தியலைத்தான் 2010-ல் ஒபாமா கால மருத்துவச் சட்டம் நிறைவேறிய நாளில் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி கையில் எடுத்துவந்தார்.

வாரிசு அரசியலா? ஆம், தயங்காமல் எழுதலாம். அப்பா 1933-ல் வந்தார், 2015-ல் மனைவி டெபி பதவியேற்றார். ஆனால் இடையில் இரண்டு தடவை, தொகுதி எல்லை மாற்றத்தால் சக உறுப்பினரோடு உட்கட்சித் தேர்தலில் மோத வேண்டியிருந்ததையும் சேருங்கள். 1964-ல் எதிராளி ஜான் லெசின்ஸ்கி, இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்; டிங்கெலோ அதை ஆதரித்தவர். வெள்ளையர் பெரும்பான்மையான தொகுதியில் அது சின்ன ரிஸ்க் இல்லை. 2002-ல் லின் ரிவர்ஸை வென்றார்.

அப்புறம், தேடும் வேலை. நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 1973-க்குப் பிந்தைய மசோதாக்களை அவர் பெயரிலேயே வடிகட்டலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அவைக்குறிப்புத் தொகுதிகளைப் புரட்டுங்கள். 1964, 1965 இரண்டு வருடங்களை முதலில் முடித்துவிடுங்கள்.