பூனைக்கதவு போடப் போகிறீர்களா? முதலில் கதவைத் தட்டிப் பாருங்கள்

பூனை தானாக வந்து போகக் கதவில் பொருத்தும், முட்டினால் திறந்து தானாக மூடும் மடல் வைத்த சின்ன வழிதான் பூனைக்கதவு. அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி, பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு எழுதப்பட்டவை. படத்தில் அழகாக இருந்தது, விலையும் பரவாயில்லை, வாங்கிவிட்டோம், இப்போது இதை எந்தக் கதவில் மாட்டுவது? வரிசையே தலைகீழ். முதலில் கதவைப் பாருங்கள், அப்புறம் பூனையை அளந்துகொள்ளுங்கள், கடைக்குக் கடைசியில் போகலாம்.

பின்பக்கம் சாதாரண ஃபிளஷ் டோர்தான் இருக்கிறது. பூனைக்கதவு மாட்ட வேண்டும் என்றால், "வெட்டினால் கதவு போயிடும் சார்" என்று கார்பெண்டர் மறுக்கிறார். உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பாதி உண்மை. ஃபிளஷ் டோர்கள் வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு வேறு. விரல் முட்டியால் கதவின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெட்டியாகக் கேட்டால், உள்ளே மரத்துண்டுகளை நெருக்கி ஒட்டிய கெட்டிக் கதவு. தாராளமாக வெட்டலாம். ஓரத்தில் கெட்டியாகக் கேட்டு, நடுவே போகப் போக 'டொம்' என்று சத்தம் மாறினால், சுற்றிலும் மரச்சட்டம், நடுவில் இடைவெளி விட்ட பட்டைகளோ அட்டைத் தேன்கூடோ இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கார்பெண்டர் பயப்படுவது இதற்குத்தான்.

இந்தக் கதவையும் வெட்டலாம். ஆனால் வெட்டிய துவாரத்தின் நான்கு பக்கமும், கதவின் முன்பக்க, பின்பக்கப் பலகைத் தகடுகளுக்கு நடுவே சரியாக உட்காரும்படி மரப்பட்டையைச் சீவி நுழைத்து, ஃபெவிக்கால் போட்டு, ஒரு ராத்திரி கிளாம்ப் பிடித்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் திருகை முடுக்கினால் இரண்டு பக்கத் தகடும் உள்வாங்கிவிடும். முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் பூனைக்கதவின் சட்டகம் ஆட ஆரம்பிக்கும்போது தெரியும்.

எந்தக் கதவானாலும் ஓரச் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் தொடாதீர்கள். கதவு கோணாமல் நிற்பது அவற்றால்தான். முடிந்தால் கதவைக் கீலிலிருந்து கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப் போடுங்கள். பெட்டியோடு வரும் அளவுக் காகிதத்தை ஒட்டி, கோட்டுக்கு உட்புறமாக நான்கு மூலையிலும் 10 அல்லது 12 மி.மீ. துளை போட்டு, ஜிக்சா (சின்ன மின்வாள்) பிளேடை அதில் இறக்கி வெட்ட வேண்டும். சாதாரண ஜிக்சா பிளேடு மேல்நோக்கி இழுக்கும்போதுதான் அறுக்கும். அதனால் சிராய் கிளம்புவது உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்தில். அந்தப் பக்கத்துக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கத்தியால் அழுத்தி ஒரு கீறல் போட்டுவிட்டால் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல் (வெனீர்) பிய்யாது.

கடைசியாகத் திருகு. நம் உள்கதவுகள் பெரும்பாலும் 30, 35 மி.மீ. கனம். கூட வரும் திருகு அதற்கு நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். வேகத்தில் அளவுக்கு மேல் முடுக்கினால் பிளாஸ்டிக் சட்டகம் வில்லாக வளையும், மடல் நடுவில் சிக்கும். "மட்டமான பொருள்" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலர் செய்தது இதைத்தான். கை ஸ்க்ரூ டிரைவர் போதும்.

தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

பூனை நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு வரை அளந்துகொள்ளுங்கள். துவாரத்தின் கீழ் விளிம்பு அந்த உயரத்தில், அல்லது ஒரு விரற்கடை கீழே இருக்கட்டும். வளர்ந்த பூனைகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. வரும். அளக்க நிற்காது என்பீர்கள். ஒரு துண்டுக் கருவாட்டைக் காட்டினால் நிற்கும்.

பலரும் கோட்டை விடுவது வெளிப்பக்க அளவில். நம் வீடுகளில் கொல்லைப்புறத் தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்கும். உள்ளிருந்து 15 செ.மீ. என்றால் வெளியிலிருந்து அது 30. இளம் பூனை தாவிவிடும். சினைப் பூனையும் வயதான பூனையும் மடலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறும், பிறகு அந்தப் பக்கமே வராது. வெளியே ஒரு தட்டைக் கல்லையோ இரண்டு செங்கல்லையோ படியாகப் போடுங்கள், ஆடாமல். குட்டிக்காகத் துவாரத்தைத் தாழ்வாக வெட்ட வேண்டாம். வளர்ந்த பூனைக்கு வெட்டிவிட்டு, குட்டிக்குச் சில மாதம் படி வைத்துக்கொடுங்கள்.

தேக்கு நிலைக்கதவில் ஓட்டை போட்டால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் என் மாமியார். வாஸ்துவில் அப்படி உண்டா? (வாசகி, காரைக்குடி)

வாஸ்து எனக்குத் தெரியாதம்மா. தச்சு வேலைப்படி மாமியார் சொல்வதுதான் சரி. காரைக்குடித் தேக்குக் கதவை வெட்டச் சொன்னால் எனக்கே கை வராது. அழகை விடுங்கள். அந்தக் கதவுகளில் சட்டமும் பலகையும் ஒரே கனம் கிடையாது. பலகை மெலிது, பூனைக்கதவின் சட்டகம் அதில் கெட்டியாக உட்காராது. சட்டத்தை வெட்டினால் மூட்டு விடும்.

இன்னொரு விஷயம், இது எல்லா வீட்டுக்கும். நம் கதவுகளில் உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள் இருக்கும். பூனைத் துவாரம் வழியாகக் கையை விட்டால் கீழ்த் தாழ்ப்பாள் நேராக விரலுக்கு வரும். துவாரம் போட்டதும் வெளியே படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, எது எது எட்டுகிறது என்று நீங்களே பாருங்கள். எட்டுவதையெல்லாம் மேலே மாற்றுங்கள். சாவியைப் பூட்டிலேயே விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பால்கனியில் கண்ணாடி ஸ்லைடிங் டோர். கண்ணாடிக் கடைக்காரரை அழைத்து வட்டமாக வெட்டிக்கொள்ளலாமா? (வாசகர், பெருங்குடி)

முடியாது. அது பெரும்பாலும் டஃபண்ட் கண்ணாடியாக இருக்கும். சூடேற்றிக் கெட்டிப்படுத்திய பிறகு அதில் ஒரு சின்னத் துளை போட்டாலும் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகிவிடும். துவாரத்தோடு புதுக் கண்ணாடி ஆர்டர் கொடுக்க வேண்டும். துவாரத்தை வெட்டிவிட்டு, அதன் பிறகுதான் கெட்டிப்படுத்துவார்கள். செலவு குறைய வேண்டுமானால், ஸ்லைடிங் டோரைப் பூனை நுழையும் அளவுக்குத் திறந்து, அந்த இடைவெளியில் மேலிருந்து கீழ் வரை ஒரு அலுமினியச் சட்டகப் பலகையைப் பொருத்தி, பூனைக்கதவை அதில் வைக்கலாம். வேண்டாதபோது கழற்றிவிடலாம். பூட்டு மட்டும் தனியாகப் போட வேண்டிவரும்.

எந்த மாடி என்று எழுதவில்லையே? பால்கனிக்கு வலை போடாமல் இந்த வேலையையே தொடங்காதீர்கள். பூனை விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதை நம்ப வேண்டாம். புறாவைப் பார்த்துவிட்டால் அதற்கு மாடி நினைவிருக்காது.

லண்டனில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். வாசல் கதவில் போடலாமா? பின்பக்கம் தோட்டத்துக்குப் போகும் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) கதவும் உண்டு. (வாசகர், ஹாரோ)

வாசல் கதவை மறந்துவிடுங்கள். ஃபிளாட்டின் நுழைவுக் கதவு அங்கே பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. தீயையும் புகையையும் அரை மணி நேரமாவது நிறுத்தத்தான் அது அங்கே இருக்கிறது. அதில் துவாரம் போட்டால் உங்களோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆபத்து.

பின்கதவில் கீழ்ப்பாதி வெள்ளைப் பலகையாக இருந்தால் வேலை சுலபம், அது ஜிக்சாவில் அறுபடும். கண்ணாடியாக இருந்தால் இரட்டைக் கண்ணாடி, வெட்ட முடியாது, துவாரத்தோடு புதிதாகச் செய்து வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே யோசனை: வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பழைய பலகையையோ கண்ணாடியையோ கழற்றிப் பத்திரமாக வையுங்கள், புதியதில் துவாரம் போடுங்கள். காலி செய்யும் நாளில் பழையதை மாட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. நம் ஊர் வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். பழைய ஃபிளஷ் டோரைப் பரணில் போட்டுவிட்டு, மலிவான கதவு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், பூனைக்கு 20 வார வயதாவதற்குள் மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சிப்பைப் படித்துத் திறக்கும் கதவாகவே வாங்கிவிடுங்கள்.

எங்கள் பூனைக்கு வழி விட்டால், தெருவில் இருக்கிற கடுவன் வந்து சாப்பாட்டைத் தின்றுவிட்டு, சோபாவில் மூத்திரம் அடித்துவிட்டுப் போகிறது. என்ன செய்வது? (வாசகி, மதுரை)

சிப் கதவுதான் வழி. தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் போடும் அந்தச் சிப்பின் எண்ணை, பூனை தலையை நுழைக்கும்போது கதவு படித்துத் தாழை விடுவிக்கும். இப்போது பரவலாகப் போடப்படும் 15 இலக்கச் சிப்பை எல்லாக் கதவும் படிக்கும். பழைய 9, 10 இலக்கச் சிப் என்றால் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான மாடல்கள் உள்ளே வரும்போது மட்டும்தான் சிப்பைப் பார்க்கும், வெளியே யார் வேண்டுமானாலும் போகலாம். ஒரு பூனையை வெளியே விட்டு இன்னொன்றை வீட்டிலேயே வைக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் படிக்கும் மாடலாகக் கேளுங்கள்.

கழுத்துப்பட்டையில் காந்தம் தொங்கவிடும் வகை மலிவு. அதே காந்தம் பக்கத்து வீட்டுப் பூனையிடம் இருந்தாலும் திறந்துவிடும். போகிற வழியில் ஆணி, கம்பித் துண்டு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கழுத்துப்பட்டை கிளையில் மாட்டும் பயம் வேறு.

இரும்புக் கதவில் சிப் கதவு போடுவோருக்கு ஒரு எச்சரிக்கை: சுற்றிலும் உலோகம் இருந்தால் கதவு சிப்பைச் சரியாகப் படிக்காது. துவாரத்தைப் பெரிதாக வெட்டி, நடுவில் மரப்பலகையோ அக்ரிலிக்கோ வைத்து அதில் பொருத்துங்கள். உங்கள் தெருக் கடுவனுக்குக் கருத்தடை செய்ய யாராவது முன்வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தோட்டத்து வீடு. பூனைக்கதவு வழியாகப் பாம்பு வராதா? (வாசகர், கம்பம்)

வரும். மடலின் அடியில் இருக்கும் காந்தம் காற்றுக்கு ஆடாமல் பிடிப்பதற்காக வைத்தது, பாம்பைத் தடுக்க அல்ல. தலை நுழைய இடம் கிடைத்தால் உடம்பு பின்னாலேயே வரும். அதோடு, பூனையே பாதி உயிரோடு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து வரவேற்பறையில் போடும். சிப் கதவுக்கு வாயில் இருப்பது தெரியாது.

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, வீட்டுக்குள்ளும் வருவது. ஆகவே தோட்டத்து வீட்டில் இரவில் திறந்த பூனைக்கதவு வேண்டவே வேண்டாம். நான்கு நிலைத் தாழ் உள்ள மாடலாக வாங்குங்கள்: இரு பக்கமும் திறப்பு, உள்ளே மட்டும், வெளியே மட்டும், முழுப் பூட்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு 'உள்ளே மட்டும்' என்று வைத்து, இரவுச் சாப்பாட்டை அப்போது போடுங்கள். வந்த பூனை திரும்பப் போக முடியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முழுப் பூட்டு. மழைக்காலத்தில் இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

கூடவே உங்கள் பின்கதவின் அடியைப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் சந்து இருந்தால், பூனைக்கதவைப் பற்றிய கவலைக்கு முன் அதை அடைக்க வேண்டும். சுவரோரம் அடுக்கியிருக்கும் தேங்காய் மட்டையையும் ஓடுகளையும் அப்புறப்படுத்துங்கள். எலி அங்கேதான் இருக்கும், பாம்பு எலியைத் தேடித்தான் வரும்.

மடல் எல்லாம் எதற்கு? வட்டமாக ஒரு ஓட்டை போட்டால் போதாதா? (வாசகர், நாகர்கோவில்)

போதும், கொசுவும் எலியும் உங்களுக்குப் பொருட்டில்லை என்றால். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பேராலயத்து வானியல் கடிகாரத்தின் கீழே உள்ள கதவில் அப்படி ஒரு வட்ட ஓட்டை இன்றைக்கும் இருக்கிறது. 1598-ல் ஆயரின் பூனைக்காகத் தச்சரை வைத்து வெட்டியது. கடிகாரத்தில் பூசிய கொழுப்புக்கு எலி வருமாம், அதைப் பிடிக்கப் பூனை. பேராலயத்துக்குச் சரி. டெங்கு வரும் ஊரில் மடல் போடுங்கள், சுற்றிலும் பிரஷ் பட்டையும் ஒட்டுங்கள்.

ஐப்பசி மழையில் கதவு ஊறி, மடல் மாட்டிக்கொண்டு திறக்கவில்லை. (வாசகி, கடலூர்)

வெட்டிய விளிம்பைப் பச்சையாக விட்டிருப்பார்கள். கதவின் மேல்பரப்புக்கு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும், வெட்டுவாய் திறந்திருந்தால் அங்கிருந்து ஈரம் குடிக்கும். வெயில் வந்து நன்றாகக் காய்ந்ததும் சட்டகத்தைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்து, பிரைமரும் இரண்டு கோட் பெயின்ட்டும் அடித்து மாட்டுங்கள். வெளிப்பக்கத்தில் மேல் விளிம்பிலும் இரு பக்க விளிம்பிலும் சிலிக்கோன் பூசுங்கள். கீழ்ப்பக்கத்தை அடைக்காதீர்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும். கரையான் இருக்கும் ஊரென்றால் பிரைமருக்கு முன் மருந்து.

மாட்டி மூன்று வாரம் ஆகிறது. எங்கள் வீட்டு ராணி அதன் முன்னால் உட்கார்ந்து கத்துகிறாளே தவிர, போக மாட்டேன் என்கிறாள். (வாசகி, சேலம்)

பிடித்துத் தள்ளியிருக்கிறீர்களா? தள்ளியிருந்தால் சில நாள் அந்தப் பேச்சையே விடுங்கள். அப்புறம் மடலை முழுக்கத் தூக்கி டேப் போட்டு ஒட்டிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை அந்தப் பக்கம் வையுங்கள். தயங்காமல் போய் வரும்போது மடலைப் பாதிக்கு இறக்குங்கள். அடுத்து, ஒரு பென்சில் கனத்துக்கு மட்டும் திறந்திருக்கும்படி. மூக்கால் முட்டினால் நகரும் என்று தெரிந்துகொள்வது அந்தக் கட்டத்தில்தான். நிறைய பூனைகளுக்கு மடல் மூடும்போது வரும் 'டக்' சத்தம்தான் பயம். அது படும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துணியை ஒட்டிப் பாருங்கள்.

அவள் கத்தியதும் எழுந்து போய்ப் பெரிய கதவைத் திறந்துவிடுகிறவர் வீட்டில் யார் என்று கண்டுபிடியுங்கள். அவர் நிறுத்தாதவரை ராணி தலையால் முட்ட வேண்டிய அவசியமே இல்லை.

தவழும் குழந்தை இருக்கிறது. பயப்பட வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

பூனை அளவுத் துவாரத்தில் கை போகும். நாய்க்கான பெரிய அளவை "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்காதீர்கள், அதில் குழந்தையே போய்விடும். பிளாஸ்டிக் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழந்தை தரையில் விளையாடும் நேரத்தில் முழுப் பூட்டு. சாவிக்கொத்தையும் கைக்கெட்டாத இடத்தில் மாட்டுங்கள், அந்த வழியாக வெளியே போகும் முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.